மரக் கிளாரினெட்: எண்ணெய் விடுவதா, விடாமலிருப்பதா? கூடவே சில தேர்வுகள்

பிளாஸ்டிக் கிளாரினெட்டில் பழகி, முதல் மரக் கிளாரினெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே வாரத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். மாதம் தவறாமல் எண்ணெய் விடு என்பார் ஒருவர். எண்ணெய் பக்கமே போகாதே என்பார் இன்னொருவர். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடச் சொல்பவரும் உண்டு, ஆரஞ்சுத் தோல் போடச் சொல்பவரும் உண்டு. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. கொடைக்கானல் தேவாலயத்தில் வாசிப்பவர் கண்டதும் சென்னையில் ஏ.சி. சபாவில் வாசிப்பவர் கண்டதும் ஒன்றாக இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு விஷயத்திலும் நம் முன் இருக்கும் வழிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, நான் எதை எடுப்பேன், ஏன் எடுப்பேன் என்று எழுதுகிறேன்.

முதலில் மரம். நல்ல கிளாரினெட்டுகளின் உடல் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்தது. கடைக்காரர்கள் கிரெனடில்லா என்பது இதைத்தான். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இருந்து வருவது. நம் ஊர் ஈட்டி மரத்தின் இனம், ஆனால் அதைவிட அடர்த்தி அதிகம். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இவ்வளவு இறுகிய மரமும் ஈரத்தை வாங்கும், விடும். வாங்கும்போது உப்பும், விடும்போது சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம்.

நாம் ஊதும் மூச்சு வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் உள்ளே போகிறது. துளையின் உள்சுவர் அந்த ஈரத்தை வாங்கி உப்பப் பார்க்கிறது. வெளிப்பக்கம் அறைக் காற்றில் உலர்ந்தபடியே இருக்கிறது. உள்ளே உப்புவது வெளிச்சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது. இழுப்பு தாங்காத இடத்தில் நார் பிரிந்து விரிசல் விடுகிறது. அதனால்தான் விரிசல் பெரும்பாலும் மேல் ஜாயின்டில் (கழற்றக்கூடிய மேல் பாதியில்), வாய்க்கு அருகில், துளைகள் வெட்டி மரம் மெலிந்த இடத்தில், நார் போகும் திசையிலேயே ஓடுகிறது. இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாத் தேர்வுக்கும் ஒரே அளவுகோல் போதும்: நான் செய்யும் காரியம் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் உள்ள ஈர வித்தியாசத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

எண்ணெய்

விடவே வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த மரத்தில் இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. தயாரிக்கும் இடத்திலேயே மரத்தை எண்ணெயில் ஊறவைத்து அனுப்புவதும் உண்டு. நாம் மேலாகப் பூசுவது இவ்வளவு அடர்த்தியான மரத்துக்குள் ஆழமாக இறங்காது. போதாததற்கு, கை தவறினால் எண்ணெய் பேடுகளில், அதாவது துளைகளை மூடும் மெத்தைகளில், ஏறிவிடும்.

விட வேண்டும் என்பவர்களின் நியாயம் வேறு. எண்ணெய் ஆழமாகப் போகாவிட்டாலும் உள்சுவரின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று, மூச்சின் ஈரம் சட்டென்று மரத்துக்குள் போவதைத் தாமதப்படுத்தும். முழுக்கத் தடுக்காது, மெதுவாக்கும். விரிசலுக்குக் காரணமே திடீர் வித்தியாசம் என்பதால், மெதுவாவதே பெரிய உதவி.

நாள்காட்டி பார்த்து எண்ணெய் விடுவதை நான் ஏற்கவில்லை. மரத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. முந்தின நாள் வாசித்துத் துடைத்து வைத்த மேல் ஜாயின்டை மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளைக்குள் பாருங்கள். உள்சுவர் கறுப்பாகப் பளபளத்து, வெளிச்சம் நீளக் கோடாக வழுக்கிக்கொண்டு போனால் அதைத் தொட வேண்டாம். மேல் முனையிலிருந்து நாலைந்து விரல் தூரத்துக்குச் சாம்பல் பூத்ததுபோல் திட்டுத் திட்டாக மங்கி இருந்தால் அங்கே மரம் உலர்ந்திருக்கிறது, எண்ணெய் கேட்கிறது. கடலோர ஊர்களில் தினமும் வாசிக்கப்படும் கிளாரினெட்டுக்கு வருடத்தில் ஓரிரு முறைக்கு மேல் இந்த நிலை வருவது அபூர்வம். பல வருடம் பெட்டியில் கிடந்து, யாரோ விற்க வந்த பழைய வாத்தியம் என்றால் கதை வேறு. அதற்கு எண்ணெய் விட்டு, பொறுத்து, மறுபடி பார்த்து, தேவையானால் இன்னொரு முறை விட்ட பிறகுதான் வாசிக்கவே தொடங்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்த எண்ணெய்? நம் வீடுகளில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, அதுதான் ஆபத்தும். எண்ணெய்கள் காற்றுபட்டால் எவ்வளவு தூரம் பிசினாக மாறும் என்பதை அயோடின் எண் ஓரளவு காட்டிவிடும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். அது காய்ந்து தோலாகப் படியும் எண்ணெய். மரச்சாமான் மெருகுக்கு நல்லது. கிளாரினெட் துளைக்குள் அப்படி ஒரு தோல் படிந்தால் துளையின் அளவே மாறிப்போகும். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. இது பாதி காயும் இனம். நல்லெண்ணெய் பாட்டிலின் கழுத்தில், மூடி உட்காரும் இடத்தில், மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதேதான் சுருதித் துளைகளின் ஓரத்திலும் படியும். தூசி அதில் பிடித்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் காயாது, ஆனால் அதன் கெட்டித்தன்மைக்கு மரத்துக்குள் இறங்காமல் மேலேயே வழவழத்துக் கிடக்கும்.

தேங்காய் எண்ணெயைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அயோடின் எண் 6 முதல் 11 வரைதான். பிசினாகாது, சீக்கிரம் சிக்கும் அடிக்காது. இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் நான் அதை எடுக்காததற்கு ஒரே காரணம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை, நன்றாகக் குளிரூட்டிய அரங்கமே போதும். மேல் ஜாயின்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும், மேல் ஸ்தாயிக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் குழாயின் வாயில் வெள்ளையாகக் கட்டி நின்றுவிட்டால் மேல் ஸ்தாயிப் பிடிகள் தடுமாறும்.

மிஞ்சுவது இரண்டு: இனிப்பு பாதாம் எண்ணெய், அல்லது போர் ஆயில் என்ற பெயரில் வாத்தியக் கடைகளில் விற்கும் மெல்லிய கனிம எண்ணெய். பாதாம் எண்ணெயின் அயோடின் எண் ஏறக்குறைய 95 முதல் 105. பெரிதாகக் காயாது, மரத்தில் நன்றாகப் பரவும். ஆனால் பழசானால் சிக்கு வாசம் வரும், அதனால் சிறிய பாட்டிலாக வாங்கி, சில துளி வைட்டமின் ஈ எண்ணெய் கலந்து, வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கனிம எண்ணெய் கெட்டே போகாது, மணமில்லை. வெகு சீக்கிரம் வழிந்து பரவுவதுதான் அதன் குறை: பேடுக்குப் போவதும் சீக்கிரம், ஜாயின்டு முனைகளில் ஒட்டியிருக்கும் தக்கையின் பசைக்குப் போவதும் சீக்கிரம். பழைய, உலர்ந்த வாத்தியத்துக்குப் பாதாம் எண்ணெய், நல்ல நிலையில் இருப்பதற்கு அவ்வப்போது கனிம எண்ணெய் என்பது என் தேர்வு. பேபி ஆயில் என்பதும் வாசனை சேர்த்த கனிம எண்ணெய்தான். அந்த வாசனைப் பொருளுக்கு வாத்தியத்துக்குள் வேலையில்லை. தையல் மெஷின் எண்ணெய் கீகளின், அதாவது விரலால் அழுத்தும் உலோக விசைகளின், அச்சுகளோடு நிற்கட்டும்.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு, எப்படி என்பதுதான் அதிகம் கெடுக்கிறது. ஒரு மாணவி சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிவந்த கிளாரினெட்டைப் பார்த்தேன். வாங்கிய அன்று கண்ணாடிபோல் மின்னியது. இரண்டு வாரத்தில் கீழ் 'ஈ' பிடி பேசவில்லை. கீழ் ஜாயின்டின் பெரிய பேடுகளைத் திறந்து பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய தோல் எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதம் மாதிரி மஞ்சளாக ஊடுருவித் தெரிந்தது. உள்ளே இருக்கும் கம்பளி ஊறி இறுகி, துளையின் விளிம்போடு பொருந்தும் மென்மையை இழந்திருந்தது. எண்ணெயைத் துளைக்குள் ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பேடுகளைக் காப்பாற்ற வழியில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது.

நான்கைந்து துளி போதும், ஒரு ஜாயின்டுக்கு. வாசித்த உடனே வேண்டாம். ஒரு நாள் வாசிக்காமல் உலரவிட்ட பிறகு செய்யுங்கள். முடிந்தால் கீகளைக் கழற்றிவிடுவது உத்தமம். முடியாதவர்கள் மூடிய பேடு ஒவ்வொன்றின் கீழும் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளைச் சிறு துண்டாக வெட்டிச் செருகலாம். எண்ணெய்க்கென்றே தனியாக வைத்திருக்கும் துணியில் துளிகளைத் தடவி, இரண்டு மூன்று முறை உள்ளே இழுங்கள். இரவு முழுக்கப் படுக்கவைத்து விடுங்கள். காலையில் சுத்தமான துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். மவுத்பீஸ் எபொனைட் என்ற கெட்டி ரப்பர், அதற்கு எண்ணெய் கூடாது. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும். கொதிநீர் பட்டால் பச்சை கலந்த பழுப்பாக நிறம் மாறி, கந்தக வாடை அடிக்கும்.

துடைப்பது

எண்ணெயைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் துடைப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் விட்டு, தினமும் ஈரத்தோடு பெட்டியில் பூட்டும் வாத்தியம் நிலைக்காது.

பட்டு, பருத்தி, மைக்ரோஃபைபர், உள்ளேயே விட்டுவைக்கும் பஞ்சுக் குச்சி என்று நாலு வகை கிடைக்கிறது. பஞ்சுக் குச்சியை முதலில் தள்ளிவிடலாம். ஈரத்தை உறிஞ்சி, அதே ஈரத்தை இரவு முழுக்க மரத்தின் உள்சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் அளவுகோலுக்கு நேர் எதிரான காரியம் அது.

பருத்தி நன்றாக உறிஞ்சும், ஆனால் கனம். மேல் ஜாயின்டில் ரெஜிஸ்டர் குழாய் துருத்தும் இடத்தில் மடிப்பு விழுந்து சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பருத்தித் துணிதான். மைக்ரோஃபைபர் இடைப்பட்டது, மெல்லியதாகக் கிடைத்தால் நல்லது. பட்டு ஒரே இழுப்பில் மற்ற இரண்டு அளவுக்கு உறிஞ்சாது. மூன்று முறை இழுக்க வேண்டும். ஆனால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும், நூல் பிசிறு விடாது, ஃபேனுக்குக் கீழே சீக்கிரம் காயும். நான் பட்டு பக்கம்தான். கிழிந்த பட்டுப் பாவாடையிலிருந்து ஜரிகை இல்லாத பகுதியை வெட்டி, ஓரம் தைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அந்த ஜரிகை மட்டும் ஒரு இழைகூட இருக்கக் கூடாது, துளையைக் கீறும்.

எந்தத் துணியானாலும் இரண்டு முனையிலும் கயிறு இருக்கட்டும். ஒரு முனையில் சின்ன எடை, மறுமுனையில் வெறும் வால். நடுவில் சிக்கினால் முன்னே இன்னும் பலமாக இழுக்கவும் வேண்டாம், கம்பியால் குத்தித் தள்ளவும் வேண்டாம். வாலைப் பிடித்து வந்த வழியே மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். வால் இல்லாத துணி சிக்கினால் ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும்.

துளையைத் துடைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஜாயின்டுகளின் முனைகளில் மரத்தின் வெட்டுவாய் தெரிகிறதல்லவா, நார்கள் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. மற்ற எந்த இடத்தைவிடவும் அங்கே தண்ணீர் வேகமாக ஏறும். மவுத்பீஸுக்கும் மேல் ஜாயின்டுக்கும் நடுவே இருக்கும் பேரலுக்குள் போய் உட்காரும் மேல் முனையையும், பேரலின் உள்குழியையும் துணி நுனியால் ஒரு சுற்று துடையுங்கள்.

குளிரூட்டிய அரங்கில் இது இன்னும் முக்கியம். மூச்சுக் காற்று உடல் சூட்டோடு ஈரம் நிறைந்து வருகிறது. வாத்தியத்தின் சுவர் 22 டிகிரியில் இருந்தால் 30 டிகிரியில் இருக்கும் வீட்டைவிட அதிகமாக உள்ளே வேர்த்துத் தண்ணீராக இறங்கும். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட்டுக்கு நடுநடுவே ஓய்வு உண்டு. கர்நாடகக் கச்சேரியில் அப்படி இல்லை. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் 2008-இல் சங்கீத கலாநிதி பெற்றவர், 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர்; அவர் போன்றோர் கிளாரினெட்டைக் கச்சேரியின் முதன்மை வாத்தியமாகவே வாசித்துக் காட்டினார்கள். முதன்மை வாத்தியம் என்றால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஏறக்குறைய இடைவிடாத மூச்சு. துடைக்கச் சரியான நேரம் தனி ஆவர்த்தனம். தாளம் போடும் கை சிஷ்யருடையதாக இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பேரலைக் கழற்றி, ஒரு முறை துணி இழுத்து, வெட்டுவாயைத் துடைத்து மறுபடி மாட்டிவிடலாம். ஏதாவது ஒரு துளையில் நீர் கோத்து களகளவென்று சத்தம் வந்தால், ஈரம் உறிஞ்சும் மெல்லிய காகிதத்தை அந்தப் பேடின் அடியில் வைத்து மெதுவாக மூடித் திறந்தால் தீரும்.

புதுசைப் பழக்குவது

புது வாத்தியத்தை முதல் நாளே முழு நேரம் வாசிக்கலாம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், பலவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் படிப்படியாகப் பழக்கும் வழியைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதற்கு ஆகும் செலவு பொறுமை மட்டும்தான். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளில் பல பத்தாண்டு கிடந்த ஆச்சா மரத்தைத் தேடி எடுக்கிறார்கள். அசைய வேண்டியதெல்லாம் அசைந்து அடங்கிய மரம் அது. கிளாரினெட்டுக்கும் மரத்தை நன்றாக உலர்த்தித்தான் கடைகிறார்கள். ஆனாலும் துளையின் உள்சுவர் மனித மூச்சைச் சந்திப்பது உங்கள் கையில் வந்த பிறகுதான். முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒன்றிரண்டு மாதத்தில் முழு நேரம். விரிசல் ஆபத்து அதிகம் இருப்பது முதல் வருடத்தில். ஏ.சி. அறையில் பெட்டியைத் திறந்ததும் ஊதத் தொடங்காமல், மேல் ஜாயின்டைக் கையிலோ அக்குளிலோ சில நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். வாயால் உள்ளே சூடாக ஊதுவது நேர்மாறான பலன் தரும்.

பெட்டிக்குள் ஈரம்

40 முதல் 60 சதவீத ஈரப்பதம் இந்த மரத்துக்கு இதமானது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே இதற்கு மேல் ஈரம் கொண்டது. அங்கே ஈரம் ஊட்டும் பை, ஆரஞ்சுத் தோல் எதுவும் வேண்டாம். ஆரஞ்சுத் தோல் எந்த ஊரிலும் வேண்டாம், பூஞ்சைக்கு விருந்து அது. ஈரத்தை வாங்கவும் விடவும் செய்து 49 சதவீதத்தில் நிறுத்துவதற்கென்று விற்கும் இருவழிப் பைகள்கூடக் கடலோரத்தில் வெளி ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சீக்கிரம் வீணாகும். சிலிக்கா ஜெல் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்வது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மழைக்காலத்தில் பெட்டியின் வெல்வெட்டில் பூஞ்சை வாடை வந்தால், சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, எண்ணைப் பார்த்துக்கொண்டே சில நாள் போட்டு எடுக்கலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

டொரண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எலும்பாக உலர்ந்துவிடும். இருவழிப் பை அங்கே கட்டாயம், சென்னையிலிருந்து எடுத்துப்போன வாத்தியத்துக்கு இன்னும் கட்டாயம். டிசம்பரில் கச்சேரிக்குச் சென்னை வந்து ஜனவரியில் திரும்புபவர்கள் அங்கே இறங்கிய பிறகு சில நாள் பெட்டியைத் திறக்காமலே, பையை மட்டும் புதுப்பித்து வைத்திருப்பது நல்லது.

ஈரமானி இல்லாதவருக்கும் வாத்தியமே சொல்லும். பேரலை விரலிடுக்கில் பிடித்து, அதன் இரு முனையிலும் இருக்கும் உலோக வளையங்களைத் திருகிப் பாருங்கள். அசையாமல் இருந்தால் மரம் நலம். வளையம் சுழன்றால், அல்லது ஆட்டும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால், மரம் சுருங்கியிருக்கிறது. அன்றைக்கு முழு நேரம் வாசிக்காதீர்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஜாயின்டுகள் வழக்கத்தைவிட இறுகிக் கழற்ற முடியாமல் இருந்தால் முனை உப்பியிருக்கிறது. முறுக்கிப் போராடாமல், குளிர்ந்து உலரும்வரை அப்படியே விடுங்கள். தக்கைக்கு கிரீஸ் போடுவது இந்த இறுக்கத்துக்கு மருந்தல்ல. தக்கை உலர்ந்து கிறீச்சிடும்போது மட்டும் விரல் நுனியளவு தடவினால் போதும்.

பேடு மாற்ற வேண்டி வந்தால்

நம் தட்பவெப்பத்தில் பேடுதான் முதலில் தோற்கும். கம்பளி மேல் மெல்லிய விலங்குத் தோல் சுற்றியது வழக்கமானது. ஈரத்தில் ஒட்டும், பிசுக் என்று சத்தம் போடும், தோல் கிழியும். தோல்பேடு, அதாவது பதனிட்ட தோல், உழைக்கும், சத்தம் குறைவு. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். செயற்கைப் பேடுகள் நீர் குடிக்காதவை, விலையும் அதிகம், சரியாக உட்காரவைக்கத் தெரிந்தவரும் குறைவு. தக்கைப் பேடு சின்னத் துளைகளுக்கு அருமையானது: நீர் பட்டாலும் உருமாறாது, வருடக்கணக்கில் வரும். ஆனால் துளையின் விளிம்பு துல்லியமாகச் சமமாக இருந்தால்தான் அடைக்கும். கம்பளிபோல் அனுசரித்துப் போகாது.

மேல் ஜாயின்டில் முடிந்தவரை தக்கை, கீழ் ஜாயின்டில் வழக்கமான மெல்லிய தோல் என்று பிரித்துக்கொள்வேன். தண்ணீர் அதிகம் வரும் இடத்தில் தண்ணீருக்கு அஞ்சாதது. பெரிய துளைகளில், கச்சேரிக்கு முந்தின நாள் கிழிந்தாலும் எந்த ஊரிலும் மாற்றித் தரக்கூடியது. பேடு ஒட்டினால் பவுடர் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஈரத்தோடு சேர்ந்து பசையாகும்.

வெளியில் வாசிக்க

மே மாத வெயிலில் ஊர்வலம், திறந்தவெளிக் கல்யாண பேண்டு, பனிக்காலத்தில் நள்ளிரவு ஆராதனை: இங்கெல்லாம் மரத்தை எடுத்துப்போகலாமா என்பதே தப்பான கேள்வி. இரண்டாவது வாத்தியமாக ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். யமாஹாவின் மாணவர் ரகம் போன்றவை அதற்குத் தாராளமாகப் போதும். நாதத்தில் வித்தியாசம் உண்டுதான். திறந்தவெளியில் அந்த வித்தியாசம் யாருக்கும் எட்டாது. நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுப் போவது எந்த வாத்தியத்துக்கும் ஆகாது, பிளாஸ்டிக்குக்கும்.

ஒரே வாத்தியம்தான் வாங்க முடியும், அதுவும் மலைக்கும் கடலுக்கும் அலைய வேண்டும் என்றால், பஃபே க்ராம்பன் 1990களில் கொண்டுவந்த கிரீன்லைன் ரகத்தை யோசிக்கலாம். கருமரத்தூள் சுமார் 95 சதவீதம், மீதி கார்பன் இழையும் பிசினும். நார் ஓட்டம் இல்லாததால் ஈரத்தால் பிளக்காது, எடையும் மரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கீழே விழுந்தால் ஜாயின்டின் முனை ஒடிந்துபோகலாம். மரத்தில் விரிசலை ஒட்டலாம், இதில் ஒடிந்த முனையைச் சரிசெய்வது பெரிய வேலை. வெளிநாட்டுக்கு மர வாத்தியம் எடுத்துச் செல்வோர், 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது அனுமதிச் சீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. 2019 நவம்பரிலிருந்து செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்கு இருக்கிறது.

விரிசல் விட்டுவிட்டால்

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில மரங்கள் பிளக்கும். அன்று வாசிப்பதை நிறுத்துங்கள். இது அந்த மரத்தின் முடிவு அல்ல. சரிசெய்த கிளாரினெட்டுகள் பல பத்தாண்டு மேடையேறுகின்றன.

மேற்பரப்பில் மட்டும் மயிரிழையாக ஓடி, எந்தத் துளையையும் தொடாத விரிசலுக்கு மெல்லிய உடனடிப் பசையும் கருமரத்தூளும் போதும். அது துளைக்குள் வரை போயிருக்கிறதா என்று தெரிய, ஜாயின்டின் எல்லாத் துளைகளையும் மூடி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் உறிஞ்சிப் பாருங்கள். வெற்றிடம் நிற்காமல் காற்று கசிந்தால் ஆழமான விரிசலாக இருக்கலாம், பேடு கசிவாகவும் இருக்கலாம். விரிசல் மேல் விரலை வைத்து மறுபடி உறிஞ்சினால் எது என்று தெரிந்துவிடும்.

ஆழமானதற்கு இரண்டு வழி. பழைய வழி, விரிசலுக்குக் குறுக்காகத் துளையிட்டு மறை வெட்டிய மெல்லிய எஃகுக் கம்பிகளை இறக்கி, இரு பக்கத்தையும் கவ்வவைப்பது. உறுதியானதுதான், ஆனால் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் புதிதாகத் துளை போடுகிறோம். கை தேர்ந்தவர் செய்ய வேண்டும். மற்றது, ஜாயின்டைச் சுற்றி ஆழமில்லாத காடி வெட்டி, கார்பன் இழைப் பட்டையைப் பிசினோடு இறுகச் சுற்றுவது. விரிசலைப் பிரிக்கும் விசை சுற்றுவாக்கில் இழுப்பது என்று முன்பே பார்த்தோம். பட்டையும் அதே திசையில் எதிர்த்து நிற்கிறது. மறுபடி திறக்க விடாது. கீ தூண்களுக்கு நடுவே பட்டைக்கு இடம் கிடைத்தால் நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன். தூண்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மட்டும் கம்பி. விரிசல் சுருதித் துளை வழியாகவே ஓடியிருந்தால், பட்டையோடு அந்தத் துளைக்குப் புது உள்வளையமும் வைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேடு அடைக்காது. வாங்கி ஒரு வருடம் ஆகாத வாத்தியம் என்றால் ஒட்டக் கொடுப்பதற்கு முன் உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பாருங்கள்; வெளியே யாராவது கை வைத்துவிட்டால் ஜாயின்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது கடினம்.

சரியாகி வந்ததும் புது வாத்தியம் மாதிரியே மறுபடி பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் ஒரு மாதம், துடைத்து முடித்ததும் அந்த இடத்தில் நகத்தை வைத்துக் குறுக்காக ஒரு முறை தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அன்றே ரிப்பேர்காரரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.